ஸ்ரீநகர்–லே–மணாலி: இரவு எங்கே தங்குவது, வழியில் எங்கே நிறுத்துவது

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. ஐந்து பேர்: நீங்கள், மனைவி, ஒன்பது வயதுப் பையன், அறுபத்தைந்தைத் தாண்டிய அப்பா, அம்மா. செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து பதினான்கு நாள் கையில் இருக்கிறது. வாடகை இன்னோவா. மணாலியில் தொடங்கி முதல் இரவு ஜிஸ்பா, இரண்டாம் இரவு சர்ச்சுவில் டென்ட், மூன்றாம் இரவு லே, மறுநாளே பாங்காங் ஏரி, அப்புறம் நுப்ரா பள்ளத்தாக்கு, கடைசியில் கார்கில் வழியாக ஸ்ரீநகர். எங்கே தங்கலாம், எங்கே நிறுத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊர்கள் எல்லாம் சரி. வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ஸ்ரீநகரில் ஏறி மணாலியில் இறங்குங்கள். லடாக் பயணத்துக்கு ரூம் போடுகிறவர்கள் பெரும்பாலும் கிலோமீட்டரையும் ஹோட்டல் படங்களையும் பார்க்கிறார்கள். நான் யார் கேட்டாலும் முதலில் பார்க்கச் சொல்வது ஒவ்வொரு இரவும் எத்தனை மீட்டர் உயரத்தில் தலையணை வைக்கிறோம் என்பதைத்தான். பகலில் 5,000 மீட்டர் கணவாயைக் கடந்து இறங்கிவிட்டால் பெரும்பாலும் உடம்பு தாங்கும். அந்த உயரத்துக்குப் பழகாத உடம்போடு அங்கேயே படுத்துத் தூங்கும்போதுதான் வினை வருகிறது. மருத்துவர்கள் சொல்லும் பொது விதி, 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஒரே இடத்தில் நின்றுவிட வேண்டும் என்பது.

இதை வைத்து உங்கள் திட்டத்தைப் பாருங்கள். மணாலி சுமார் 2,050 மீட்டர், ஜிஸ்பா 3,200, சர்ச்சு 4,290. கிளம்பிய இரண்டாம் இரவிலேயே நான்காயிரத்துக்கு மேல் படுக்கிறீர்கள். அதைவிட மோசம், சர்ச்சுவில் நள்ளிரவில் யாருக்காவது மூச்சு திணறினால் எந்தப் பக்கம் போனாலும் ஏறித்தான் இறங்க வேண்டும்: தெற்கே ஏறக்குறைய 4,900 மீட்டரில் பாராலாச்சா லா (லா என்றால் கணவாய்), வடக்கே 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் லா. நடுவில் மாட்டிக்கொண்ட நிலை. அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே இரவு தங்கவே வேண்டாம். போதாததற்கு, சர்ச்சு டென்ட் முகாம்களைச் செப்டம்பர் நடுவிலிருந்தே பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஸ்ரீநகர் பக்கம் இயற்கையே படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறது. ஸ்ரீநகர் 1,600, சோனமார்க் 2,700க்குக் கொஞ்சம் மேல், கார்கில் 2,676, ஆல்ச்சி 3,100, லே 3,500. நம் ஊர் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். கார்கில் கடைத்தெரு அதைவிட ஒரு பிடி உயரம். அந்த உயரத்தில் இரண்டு இரவு தூங்கிவிட்டு லேவுக்குப் போகிறவருக்கும், தில்லியிலிருந்து விமானத்தில் போய் நேரே 3,500 மீட்டரில் இறங்குகிறவருக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. லேவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

முதல் நாள் ஸ்ரீநகரில் ஓய்வு. தால் ஏரியில் படகுவீடு உங்கள் விருப்பம். முட்டிவலி உள்ள பெரியவர்களுக்குச் சிகாரா என்ற சிறு படகில் ஏறி இறங்குவது தொல்லை, பூலவார்டு சாலையில் கரையோர ஹோட்டலே வசதி. இரண்டாம் நாள் சோனமார்க், 80 கிலோமீட்டர்தான். காலையில் முகல் தோட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டுச் சாவகாசமாகப் போகலாம். 2025 ஜனவரியில் திறந்த ஆறரை கிலோமீட்டர் சுரங்கப்பாதை வந்த பிறகு சோனமார்க் போவது எளிதாகிவிட்டது. நிறைய பேர் இங்கே தங்காமல் ஸ்ரீநகரிலிருந்து ஒரே மூச்சில் கார்கில் போகிறார்கள், சுமார் 200 கிலோமீட்டர். இளைஞர்கள் என்றால் நானும் சரி என்பேன். உங்களுக்குச் சோனமார்க் இரவு வேண்டும். உடம்புக்கு ஒரு படி கூடுதலாகக் கிடைக்கிறது, அதிகாலையில் ஜோஜி லாவுக்கு முதல் ஆளாகவும் போய்விடலாம். ஜோஜி லாவில் எந்த வண்டியை எந்த நேரத்தில் விடுவது என்பதைப் போக்குவரத்து போலீஸ் அவ்வப்போது மாற்றும். முந்தின நாள் மாலையே ஹோட்டலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அமர்நாத் யாத்திரையின் பால்தால் முகாம் பக்கத்திலேயே இருப்பதால் அந்த நாட்களில் சோனமார்க்கில் ரூம் கிடைப்பதும் கஷ்டம், வண்டிக் கட்டுப்பாடும் அதிகம்.

ஜோஜி லா 3,528 மீட்டர். இந்தப் பக்கம் ஊசியிலைக் காடு, அந்தப் பக்கம் ஒரு மரம் கிடையாது. பையனைத் தூங்கவிடாமல் ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள், பச்சை நின்றுபோவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாலை குறுகல், ஒரு பக்கம் அதலபாதாளம். அம்மாவுக்குப் பயமென்றால் மலைப்பக்கம் உட்கார வைத்துவிடுங்கள். இறங்கியதும் திராஸ். 1999 கார்கில் போர் நினைவிடம் நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிறது, பின்னால் தோலோலிங், தூரத்தில் டைகர் ஹில். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சாப்பாடும் திராஸ் கடைத்தெருவிலேயே முடித்துக்கொள்ளலாம்.

கார்கிலில் தங்குவது ஒரு இரவு தூங்கி எழத்தான், ஹோட்டலுக்கு அதிகம் செலவு செய்ய வேண்டியதில்லை. சுரு ஆற்றைப் பார்த்த அறை கிடைத்தால் நல்லது, லாரி சத்தம் குறையும். கிளம்பும் முன் கடைத்தெருவில் உலர்ந்த பாதாமி பழம் வாங்கிக்கொள்ளுங்கள், வண்டியில் கொறிக்க அதைவிட நல்லது இல்லை.

நான்காம் நாள்தான் இந்தப் பயணத்தின் மிக அழகான நாள். இதை லே வரை இழுத்துக் கெடுக்காதீர்கள். முல்பெக்கில் சாலை ஓரப் பாறையில் செதுக்கிய மைத்ரேய புத்தர், நமிகா லா, 4,108 மீட்டரில் ஃபோட்டு லா, இந்தச் சாலையின் உச்சி, இறங்கியதும் லாமாயூரு மடமும், பழைய ஏரியின் வண்டல் காய்ந்து மஞ்சளாக அலை அலையாக நிற்கும் மண்மலைகளும். பலரும் லாமாயூருவிலேயே தங்கச் சொல்வார்கள். நான் இன்னும் ஒன்றரை மணி நேரம் இறங்கி ஆல்ச்சியில் தங்குங்கள் என்பேன். உயரம் குறைவு, சிந்து நதிக்கரை, பாதாமி, ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே வீடுகள், மடத்துக்கு நடந்தே போகலாம். அங்கே சும்ட்செக் என்ற மூன்றடுக்குச் சிறு கோயிலை அவசரப்படாமல் பாருங்கள். உள்ளே இருட்டு. கண் பழகக் கொஞ்ச நேரம் எடுக்கும். மூன்று மாடங்களில் மூன்று பெரிய போதிசத்துவர்கள், தலை மேல்தளம் வரை போகிறது. இடப்பக்கம் நிற்கும் அவலோகிதேஸ்வரரின் வேட்டியைக் கவனியுங்கள்: விரல் அளவுக் கோயில்களும் மாளிகைகளும் குதிரைக்காரர்களும் வேட்டி முழுக்கத் தீட்டப்பட்டிருக்கும், காஷ்மீர் ஓவியர்கள் கைவண்ணம். உள்ளே போட்டோ எடுக்க அனுமதி இல்லை, ஒரு சின்ன டார்ச் வைத்துக்கொண்டால் போதும். பகல் ஒரு மணிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு லேவுக்கு ஓடுகிற டூர் வண்டிகளுக்கு இது கிடைக்காது. இரவு அங்கே தங்குகிறவர்களுக்குச் சாயங்காலம் முழுக்க இருக்கிறது.

மறுநாள் லே வெறும் இரண்டு மணி நேரம். வழியில் நிம்முவில் சன்ஸ்கார் சிந்துவில் கலக்கும் இடம், அப்புறம் பத்தர் சாஹிப் குருத்வாராவில் ஒரு தேநீர். வண்டி தானே மேடேறுவதாகச் சொல்லும் காந்த மலையில் நிறுத்தியே ஆக வேண்டும் என்றில்லை.

லேவில் அறை பிடிக்கும்போது கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன், மற்ற ஊர்களுக்கும் இதே கேள்விகள்தான். தரைத்தளத்தில் அறை உண்டா? 3,500 மீட்டரில் இரண்டு மாடி ஏறினால் உங்களுக்கே மூச்சு வாங்கும், அப்பாவுக்கு அது வேண்டாம். வண்டி வாசல் வரை வருமா? சாங்ஸ்பா, கர்ஸு பக்கம் வாய்க்கால் ஓரம் அழகான விருந்தினர் வீடுகள் உண்டு, ஆனால் சிலவற்றுக்குச் சந்தில் நடந்துதான் போக வேண்டும். வெந்நீர் எந்த நேரத்தில்? பல இடங்களில் சோலார்தான், மேகமூட்டமாக இருந்தால் வாளியில் கொண்டுவந்து தருவார்கள், அது போதும். வெஸ்டர்ன் டாய்லெட் அறைக்குள்ளேயே இருக்கிறதா? கிராமத்து ஹோம்ஸ்டேக்களில் பாரம்பரிய உலர் கழிப்பறை இருக்கும், முட்டிவலிக்காரர்களுக்கு ஆகாது. அறையைச் சூடாக்க என்ன ஏற்பாடு? மின் ஹீட்டரோ ரேடியேட்டரோ இருந்தால் சரி. கரி அடுப்பையோ புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரையோ மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு யாரும் தூங்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து. கனமான ரஜாயும் வெந்நீர்ப் பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒன்று. அங்கே தண்ணீர் 90 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், அதனால் குக்கர் இல்லாமல் சோறு வேகாது, பருப்பு சுத்தமாக வேகாது. ஹோம்ஸ்டேயில் இரவுச் சாப்பாட்டை மாலை நான்கு மணிக்கே சொல்லிவிடுங்கள். அந்த வீட்டுச் சாப்பாடான ஸ்கியூ (காய்கறியோடு வேகவைத்த மாவுத் துண்டுகள்), துக்பா (நூடுல்ஸ் சூப்) இரண்டும் சூடாக, காரமில்லாமல், பெரியவர்களுக்கும் பையனுக்கும் ஒத்துக்கொள்ளும்.

லேவில் முதல் இரண்டு நாள் எதுவும் வேண்டாம். கடைத்தெரு, மாலையில் வண்டியிலேயே சாந்தி ஸ்தூபம், அவ்வளவுதான். தண்ணீர் குடிக்க வேண்டும், மது கூடாது, தூக்க மாத்திரை கூடாது. லேசான தலைவலி வருவது சகஜம். தலைவலியோடு வாந்தி, தடுமாறும் நடை, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, விடாத இருமல் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. உடனே மருத்துவமனை, அல்லது கீழே இறங்குவது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் எடுத்துப் போங்கள், ஆனால் அதில் எண்பதுகளில் எண் வந்தவுடன் பதறாதீர்கள், அந்த உயரத்தில் அது பலருக்கும் வரும். எண்ணைவிட ஆளைப் பாருங்கள். கடையில் விற்கும் ஆக்சிஜன் ஸ்ப்ரே கேன் சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும், அதை நம்பி மேலே போகக் கூடாது. உயரத்தால் வரும் நோயைத் தடுக்கக் கொடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே அப்பா அம்மாவின் டாக்டரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதை இரவில் வண்டியில் விட்டுவிடாதீர்கள், உறைந்தால் வீண்.

வண்டி பற்றி உங்கள் திட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளியூர் டாக்சி உங்களை லேவில் இறக்கிவிடலாம். நுப்ரா, பாங்காங் சுற்ற லே டாக்சி யூனியன் அதை விடாது. வெளியில் வாடகைக்கு எடுத்த செல்ஃப் டிரைவ் காருக்கும் இதே கதி. சொந்தப் பெயரில் உள்ள வண்டிக்குப் பிரச்சினை இல்லை. அதனால் பயணத்தை மூன்று வண்டியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஸ்ரீநகர் வண்டி லே வரை, லே வண்டி நுப்ரா, பாங்காங் சுற்றுக்கு, மறுபடி லே வண்டி மணாலி வரை. யூனியன் கட்டணப் பட்டியலை வெளியிடுகிறது, அதை வைத்துக்கொண்டு பேசினால் பேரத்துக்குத் தெளிவு இருக்கும். முழுத் தூரத்துக்கும் ஒரே வண்டி என்று சொல்லும் ஏஜென்டிடம் இதை எழுத்தில் கேளுங்கள்.

இனி நுப்ராவா, பாங்காங்கா? நுப்ரா முதலில். காரணம் அதே உயரம்தான். கர்துங் லா 5,359 மீட்டர், ஆனால் அதைத் தாண்டி இறங்கினால் திஸ்கிட்டும் ஹுண்டரும் 3,100 மீட்டர் அளவில், லேவைவிடத் தாழ்வு. கணவாயில் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள். பலகை முன்னால் படம் எடுக்க வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிடுங்கள். நுப்ராவில் இரண்டு இரவு தங்குங்கள். ஹுண்டரில் மணல்மேடும் இரட்டைத் திமில் ஒட்டகமும் பையனுக்குப் பிடிக்கும். நடுவில் ஒரு நாள் துர்துக் போய் வாருங்கள், 1971 போரில் இந்தியா வசம் வந்த, பால்தி இனத்தவர் வாழும் கிராமம், கல் வீடுகள், தோட்டங்கள், வாய்க்கால்கள்.

அங்கிருந்து ஷியோக் ஆற்றோரச் சாலையில் பாங்காங் பக்கம் போகலாம். காலையிலேயே கிளம்ப வேண்டும், வெயில் ஏற ஏறப் பனி உருகி ஓடைகள் பெருகும். மழை பெய்திருந்தால் சாலை மூடியிருக்கும், அப்போது லே வழியாகத்தான் சுற்ற வேண்டும். பாங்காங் 4,200 மீட்டருக்கு மேல். ஏரிக்கரை டென்டில் விடியலைப் பார்ப்பது எல்லாருடைய கனவும்தான், ஆனால் செப்டம்பர் நடுவில் இரவுக் குளிர் பூஜ்யத்தை ஒட்டிப் போகும், காற்று டென்டைப் பிடித்து உலுக்கும், பல முகாம்களில் ஜெனரேட்டர் இரவில் சில மணி நேரம்தான் ஓடும். பெரியவர்களோடு போகிற உங்களுக்கு நான் சொல்வது தாங்ட்சே. ஏரிக்கு ஒரு மணி நேரம் முன்னால் உள்ள கிராமம், சில நூறு மீட்டர் தாழ்வு, சுவர் வைத்த வீடுகள். மதியத்துக்குப் பிறகு ஏரிக்குப் போய், வெயில் சாயும் வரை நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டுத் தாங்ட்சே வந்து தூங்குங்கள். ஏரிக்கரையில்தான் தங்க வேண்டும் என்றால் ஸ்பாங்மிக்கில் மரக் குடில் எடுங்கள், துணி டென்ட் வேண்டாம். மறுநாள் சாங் லா வழியாக லே.

லே திரும்பிய பிறகு ஒரு உதிரி இரவு வையுங்கள். பலர் உதிரி நாளைக் கடைசியில், மணாலியில் வைக்கிறார்கள். மேலே ஏதாவது கெட்டால் அது உதவாது. லேவில் வைத்தால் ஷியோக் சாலை மூடினாலும், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும், மணாலி பக்கம் மண் சரிந்தாலும் கைகொடுக்கும். எதுவும் நடக்கவில்லை என்றால் ஒரு நாள் முன்னதாகக் கிளம்பி அந்த இரவைச் சண்டிகரில் கழித்துவிட்டு நிதானமாக விமானம் ஏறலாம்.

லே–மணாலி சாலையில் ஒரே ஒரு இரவு, ஜிஸ்பாவில். சுமார் 335 கிலோமீட்டர், பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். காலை ஐந்து மணிக்கு வண்டி நகர வேண்டும். தங்லங் லா 5,328 மீட்டர், அப்புறம் மோரே சமவெளி, இந்தப் பாதையில் கை வலிக்காமல் ஓட்டக்கூடிய ஒரே இடம். பாங் என்ற இடத்தில் மதியச் சாப்பாடு. ஊர் என்று சொல்ல முடியாது. தகரமும் தார்ப்பாயும் போர்த்திய நீளமான தாபாக்கள், உள்ளே சுவரை ஒட்டி இரு பக்கமும் மெத்தை விரித்திருக்கும், நடுவில் அடுப்பு, ஒரு மூலையில் உப்பிப்போன சிப்ஸ் பாக்கெட்டுகள் தொங்கும், லடாக்கி அக்காமார் குக்கர் விசில் அடங்கியதும் ராஜ்மா சோறு தட்டில் போட்டுத் தருவார்கள். ராத்திரி தங்கவும் அதே மெத்தைதான். 4,600 மீட்டர், சாப்பிட்டவுடன் கிளம்பிவிடுங்கள். லாச்சுலுங் லா, நக்கீ லா, 21 கொண்டை ஊசி வளைவு உள்ள காட்டா லூப்ஸ் இறங்கினால் சர்ச்சு. அங்கே டீ மட்டும். பாராலாச்சாவை நான்கு மணிக்குள் தாண்டிவிட்டால் ஓடைகளில் தண்ணீர் ஏறுவதற்குள் தப்பிக்கலாம், வெளிச்சத்திலேயே ஜிஸ்பா சேரலாம். எட்டுப் பத்து இரவு மேலே பழகிய உடம்பு என்பதால் இந்த நாள் களைப்பாக இருக்குமே தவிர ஆபத்து குறைவு.

ஆனாலும் அப்பா அம்மாவுக்கு இந்த ஒரு நாள் தேவையா என்று யோசியுங்கள். அவர்கள் லேவிலிருந்து காலை விமானத்தில் தில்லி வழியாக ஊர் திரும்பட்டும், கூட ஒருவர் போகட்டும், மற்றவர்கள் சாலையில் வாருங்கள். பார்க்க வேண்டியதை எல்லாம் அதற்குள் அவர்கள் பார்த்திருப்பார்கள். என் வீட்டுப் பெரியவர்களாக இருந்தால் நான் இதைத்தான் செய்வேன்.

ஜிஸ்பாவிலிருந்து மணாலி அரை நாள். 2020இல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை வழியாகப் போக ரோத்தாங் கணவாய்க்கான பர்மிட் தேவையில்லை. வழியில் தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்கில் அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று போட்ட பலகை புகழ்பெற்றது. நீங்கள் எதிர்த்திசையில் வருவதால் லேவிலோ, வழியில் உள்ள காரு என்ற ஊரிலோ டேங்க்கை முழுதாக நிரப்பச் சொல்லி டிரைவரிடம் முந்தின இரவே உறுதி செய்யுங்கள். சொந்த வண்டியில் வருகிறவர்கள் ஒரு கேனும் வைத்துக்கொள்வது நல்லது.

சில்லறை விஷயங்கள். வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, குடும்பத்தில் இரண்டு பேராவது வேறு வேறு நிறுவனத்தின் போஸ்ட்பெய்ட் வைத்திருங்கள். லேவை விட்டால் யுபிஐயை நம்ப வேண்டாம், நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். லடாக் சுற்றுச்சூழல் கட்டணத்தை ஆன்லைனில் கட்டிவிட்டு, அந்தத் தாளையும் ஆதாரையும் சில நகல் எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் யாராவது வெளிநாட்டுக் குடியுரிமையோடு ஓசிஐ அட்டை வைத்திருந்தால் நுப்ரா, பாங்காங்குக்கு அவர்களுக்குத் தனி அனுமதி வேண்டும், லே ஏஜென்ட் மூலம் எடுக்கலாம். கிளம்பும் வாரத்தில் காஷ்மீர் பக்கப் பாதுகாப்பு நிலவரத்தையும், குலு பள்ளத்தாக்கில் மழைச் சேதம் உண்டா என்பதையும் பாருங்கள். மழை பிந்தினால் செப்டம்பரிலும் அந்தப் பக்கம் சாலை அரித்துப் போகும்.

புக்கிங்கில் எது முதலில் என்றால், அறை குறைவாக உள்ள ஊர்களை முதலில் பிடியுங்கள்: ஜிஸ்பா, ஆல்ச்சி, தாங்ட்சே, அப்புறம் சோனமார்க். லே, கார்கில், ஸ்ரீநகர் மூன்றிலும் அந்த மாதத்தில் தேடினால் கிடைக்கும். ஆன்லைனில் படத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரையே போனில் கூப்பிட்டு மேலே சொன்ன கேள்விகளைக் கேளுங்கள், தேதி மாறினால் முன்பணம் என்ன ஆகும் என்பதையும் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். அப்பாவுக்கு பிபி, சர்க்கரை, இதயம் எதிலாவது மருந்து ஓடுகிறதா, டாக்டர் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள். அது தெரிந்த பிறகு தாங்ட்சே இரவை வைப்பதா, பாங்காங்கை விட்டுவிட்டு நுப்ராவிலிருந்து லே திரும்பிவிடுவதா என்று பார்க்கலாம்.